இரண்டு பொத்தானும் ஒரே நேரத்தில்

சலவைக்கூடம் நின்றுபோவது, உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கண் சொக்குவது மாதிரி. எதுவும் உடையாது, புகையாது. மேலே தண்டவாளத்தில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு போகும் அழுக்கு மூட்டைகள் ஓர் ஆட்டம் ஆடி அப்படியே நிற்கும். கீழே பதினொரு சலவை மெஷின்களும் ஒவ்வொன்றாகத் தண்ணீரை வடித்துவிட்டு, வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஈரத்துணியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெயில் ஆவிக்குள் புகுந்து பால்போல ஆகிவிடும். அந்தப் பாலுக்குள் முப்பது வெள்ளை மூட்டைகள் அசையாமல் தொங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், நாம் தண்ணீருக்கு அடியில் நிற்கிறோம், அதெல்லாம் மேலே மிதக்கிற படகுகளின் அடிவயிறு என்று தோன்றும்.

அழகுதான். ஆனால் மூன்று ஆஸ்பத்திரிக்கு மாலைக்குள் படுக்கை விரிப்பு போயாக வேண்டும். அழகைப் பார்த்துக்கொண்டு எந்த நோயாளியும் வெறும் மெத்தையில் படுக்க மாட்டான்.

செவ்வாய்க்கிழமை அது நின்றபோது, பலகை முன்னால் நின்றிருந்தவர் சந்தேகத்தார். பலகை என்றால் இரண்டு பெரிய பொத்தானும் ஒரு திரையும் உள்ள இரும்புப் பெட்டி. பச்சைப் பொத்தானை அமுக்கினால் மேலே இருக்கிற மூட்டை நகர்ந்து வந்து காலி மெஷினுக்கு மேல் நின்று இறங்கும். நீலத்தை அமுக்கினால் அந்த மெஷினின் தலையில் இருக்கும் கதவு மேல்நோக்கித் திறக்கும். அவ்வளவுதான் அவர் வேலை. பச்சை, நீலம். நாள் முழுக்கப் பச்சை, நீலம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சந்தேகத்தார் என்பது சலவைக்கூடம் வைத்தது. பஸ்ஸில் போர்டைப் படித்துவிட்டு ஏறி, கண்டக்டரிடம் கேட்டு, அப்புறம் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? போர்டை மாற்ற மறந்திருப்பான் என்பது அவர் வாதம். மறந்தும் இருக்கிறார்கள்.

மடிப்பு மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது. விரிப்புகளை மடிக்கிற அக்கா. வாய் சும்மா இருக்காது.

"சந்தேகத்தாரே, மறுபடியும் கண்ணு வச்சுட்டீங்களா?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"நீங்க பாத்தாலே போதுமே. மெஷினுக்கே தன் மேல சந்தேகம் வந்துருது."

மேனேஜர் ஓடி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுவரில் இருந்த பெரிய சிவப்பு சுவிட்சைக் கீழே இழுத்தார், பத்து எண்ணினார், மேலே தள்ளினார். திரை கண் விழித்தது. மூட்டைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிளம்பின. அதற்குப் பிறகுதான் அவர் சந்தேகத்தார் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா இந்த மெஷின்கள ஓட்டற புரோகிராம் ஓடுது. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட நிக்கல. நீங்க வந்து எட்டு மாசம். எட்டு மாசமா நிக்குது. அதுவும் உங்க ஷிப்ட்ல மட்டும். நான் என்னன்னு நினைக்கறது?"

"புரோகிராம் எழுதினவங்கள கேளுங்க."

"கேக்கத்தான் போறேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை உங்க ஷிப்ட் முடியறதுக்குள்ள காரணம் தெரியணும். தெரியலன்னா, மன்னிச்சுக்கங்க பெரியவரே, நீங்க வீட்ல இருங்க."

வீட்டில் இரு என்ற வார்த்தை அவருக்கு நெஞ்சில் அல்ல, கையில் பட்டது. இருபத்தாறு வருஷம் பாத்திரக் கம்பெனியில் தகடு அடித்த கை. கம்பெனி மூடியபோது ஒரு வருஷம் வீட்டில் இருந்து பார்த்தார். கை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையைத் தடவும், கதவைத் திறந்து மூடும். தூக்கத்தில்கூட எழுந்து நிற்கும் என்று வீட்டம்மா சொன்னாள். அந்தக் கைக்கு மறுபடி கிடைத்த இடம் இந்தப் பலகை. அது போனால் இன்னொன்று கிடைக்காது. அறுபத்துமூன்று வயதுக்காரனை யாரும் தேடி வந்து கூப்பிடுவதில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. புரோகிராம் எழுதியது வேறு யாரும் இல்லை, அவருடைய சம்பந்தியம்மா. அவர் மகன் கட்டியிருப்பது அந்தம்மாவின் மகளை. பலகை வேலைக்குச் சிபாரிசாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டதும் அந்தம்மாதான். அதை அவர் மறக்க முயன்று வருகிறார்.

கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இரண்டும் வேறு ஊரில் சந்தோஷமாக இருக்கிறார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரே ஊரில், ஆறு பஸ் நிறுத்த தூரத்தில் இருந்துகொண்டு, ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்ததில்லை. பெண் வீட்டார் முதலில் வரட்டும் என்று இவர். மாப்பிள்ளை வீட்டார் முதலில் வரட்டும் என்று அந்தம்மா. சண்டை கிடையாது. போனில் "சாப்டீங்களா?", "சாப்டேன், நீங்க?" எல்லாம் உண்டு. வாசல்தான் தாண்டவில்லை.

புதன்கிழமை சம்பந்தியம்மா வந்தார். ஐம்பது தாண்டியவர், நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருப்பார், தோளில் லேப்டாப் பை. கவிழ்த்துப் போட்ட ஒரு துணித்தொட்டி மேல் உட்கார்ந்து மடியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டார். ஆவி மூக்குக் கண்ணாடியை மூடியது. அதைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடியே பேசினார்.

"சம்பந்தி, நிக்கறப்ப திரையில ஏதாவது எழுத்து வருதா? எரர்னு ஏதாவது?"

"ஒண்ணும் வராது. கடைசியா என்ன இருந்துச்சோ அதுவே இருக்கும்."

"அதான் பயம். செத்தா எரர் சொல்லிட்டுச் சாகும். இது சாகல, நிக்குது."

"உள்ள என்னதான் இருக்கு?"

"உள்ள ஒரே ஆள் இல்ல. பல பேர். த்ரெட்டுன்னு சொல்லுவோம். ஒருத்தன் மூட்டைய பாத்துக்கறான், ஒருத்தன் கதவ பாத்துக்கறான். ஒருத்தன் தண்ணி, ஒருத்தன் சூடு. எல்லாரும் ஒரே நேரத்துல வேலை செய்வாங்க."

"மேஸ்திரி யாரு?"

"மேஸ்திரி கிடையாது. அவனவன் வேலை அவனவனுக்கு."

"மேஸ்திரி இல்லாத எடம்!" என்றார் சந்தேகத்தார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. "நின்னப்ப உள்ள எட்டிப் பாத்திருக்கலாமே?"

"எழுதறது ஒண்ணு, ஓடறது ஒண்ணு சம்பந்தி. எழுதினத கம்பைல் பண்ணி மூட்டையா கட்டித்தான் மெஷினுக்குக் குடுக்கறோம். ஓடறப்ப முடிச்ச அவுத்துப் பாக்க முடியாது. நின்ன எடத்துல அப்படியே நிக்க விட்டா, யார் எங்க நிக்கறான்னு பாக்கலாம். உங்க மேனேஜர் எங்க விடறாரு? நான் பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள சுவிட்ச இழுத்து எல்லாரையும் எழுப்பிடறாரு. தூங்கறவன உலுக்கி எழுப்பிட்டு, என்ன கனவு கண்டேன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்?"

மடிப்பு அக்கா சிரித்தாள். சந்தேகத்தார் சிரிக்கவில்லை. அந்தம்மா சொன்னது நியாயம் என்று பட்டது. நியாயமாகப் பேசுகிறவர்களிடம் அவருக்கு எப்போதுமே ஒரு எச்சரிக்கை உண்டு.

சம்பந்தியம்மா புரோகிராமில் ஒரு குறிப்பேட்டைச் சேர்த்துக் கம்பைல் செய்து ஏற்றினார். இனி உள்ளே இருக்கிறவன் ஒவ்வொருவனும் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் நகருவான்.

"என்னப் பத்தி என்ன எழுதும்?"

"உங்களப் பத்தி ஒண்ணும் எழுதாது. பச்ச அமுக்கினாங்க, நீலம் அமுக்கினாங்க, இத்தன மணி, இத்தன நிமிஷம், இத்தன நொடி. அவ்வளவுதான்."

"யார் அமுக்கினாங்கன்னு?"

"கை யாருதுன்னு அதுக்குத் தெரியாது சம்பந்தி."

தெரியாது என்று சொல்கிற எதுவும் தெரியாமல் இருந்ததில்லை என்பது அவர் அனுபவம். அன்றைக்கு முழுக்க அவர் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று பேனாவை நக்கி எழுதுவது போலவே இருந்தது.

புதன் நிற்கவில்லை. வியாழனும் நிற்கவில்லை. மூட்டைகள் மேலே ஊர்ந்து ஊர்ந்து வந்தன. கதவுகள் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டன. உலர்ந்த விரிப்புகள் கூடத்தின் மறுகோடியில் வெளியே வந்து, காற்றில் ஒரு தடவை உப்பி அடங்கின. கூடம் மூச்சு விடுவது போல இருந்தது. சம்பந்தியம்மா தொட்டி மேல் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். ஆயிரக்கணக்கான வரி. ஒன்றிலும் குற்றம் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்தம்மா குறிப்பேட்டை எடுத்துவிட்டார். "இது இருந்தா அது வரமாட்டேங்குது. ஒளிஞ்சுக்குது. இல்லாம ஓடட்டும், பாப்போம்" என்றார். இரண்டு மணிக்கு வேறு இடத்தில் வேலை என்று கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டியதும் மேனேஜர் பலகைக்கு வந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"அந்தம்மா உக்காந்திருந்த ரெண்டு நாளும் நிக்கல. கவனிச்சீங்களா? கவனிச்சிருப்பீங்க."

அவர் சொல்லாமல் விட்டது சந்தேகத்தாருக்கு நன்றாகவே கேட்டது. பார்க்க ஆள் இருந்தால் நிற்காது, ஆள் போனால் நிற்கும் என்றால் அதை நிறுத்துவது யார்? ஊரையே சந்தேகப்பட்டு வாழ்ந்தவரை ஒருவன் நேராக நின்று சந்தேகப்பட்டபோது, அது எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. சட்டைக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு மேல் வெயில் சாயும். கூரைக் கண்ணாடி மஞ்சளாகும். ஆவியின் சூடும், மெஷின்கள் சுற்றுகிற ஒரே சத்தமும் சேர்ந்து நின்றபடியே ஆளைத் தூக்கத்தில் இறக்கிவிடும். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். அன்றைக்கும் அப்படித்தான். கண் பாதி மூடியிருந்தது. வெள்ளை மூட்டைகள் அலுமினியத் தகடுகளாயின. ஆவி, கம்பெனிப் புழுதியாயிற்று. பக்கத்து மெஷின்காரன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு ஏதோ வம்பு பேசினான். தகட்டை வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பொத்தானில் வைத்தார். மேலேயிருந்து இரும்பு இறங்கி அடித்தது. தகடு தட்டாக வந்தது. மறுபடி தகடு. மறுபடி இரண்டு உள்ளங்கை.

அந்த மெஷின் இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் அடிக்கும். ஒரு கையால் அமுக்கினால் அசையாது. கை உள்ளே மாட்டக் கூடாது என்று எவனோ புண்ணியவான் அப்படிச் செய்து வைத்தான். பக்கத்து மெஷின்காரன் அவசரக்காரன். ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் அடித்தான். ஒரு சாயங்காலம் மூன்று விரல் தகட்டோடு போயிற்று. அதைப் பார்த்த நாளிலிருந்து சந்தேகத்தாரின் கைகள் தனித்தனியாக எதுவும் செய்ததில்லை.

கனவில் அவன் திரும்பி, விரல் இல்லாத கையால் மேலே காட்டினான். "சத்தத்த கேளு" என்றான்.

சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தார். மூட்டைகள் நின்றிருந்தன. கூடம் முழுக்க மஞ்சள் பால். எதிரே வரிசையாகப் பதினொரு வட்டக் கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு கிழவன் நின்றான். பதினொரு கிழவனும் இரண்டு உள்ளங்கையையும் பலகையில் பதித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

அவர் கையை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். இடது உள்ளங்கை பச்சை மேல். வலது உள்ளங்கை நீலத்தின் மேல். இரண்டும் ஒன்றாக.

மேனேஜர் ஓடி வந்து சுவிட்சை இழுத்தார். பத்து எண்ணினார். ஒரு விரலை மட்டும் நீட்டினார். நாளை என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் வீட்டம்மா தட்டை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், இரண்டு கையாலும். வாங்கியபின் தன் கைகளைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏய், நான் எல்லாத்தையும் ரெண்டு கையாலயா செய்யறேன்?"

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா? அலமாரிக் கதவு ரெண்டையும் ஒரே நேரத்துல மூடுவீங்க. ரெண்டு டம்ளரையும் ஒண்ணா வைப்பீங்க. லைட்டு சுவிட்சும் ஃபேன் சுவிட்சும் சேத்துத்தான் தட்டுவீங்க. கேட்டா மொறைப்பீங்க."

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பிடுவீங்களாக்கும்!"

அவர் படுத்துக்கொண்டு யோசித்தார். நாளைக்குப் பச்சையை ஒரு விரலால் அமுக்கி, ஒன்று இரண்டு சொல்லி, அப்புறம் நீலத்தை அமுக்கினால் போதும். கூடம் நிற்காது. இனி எப்போதுமே நிற்காது. ஆனால் அப்போது மேனேஜர் என்ன சொல்வார்? வீட்டுக்கு அனுப்புவேன் என்றதும் கிழவன் வேலையைக் காட்டுவதை நிறுத்திவிட்டான் என்பார். சொல்லாமல் விட்டால் திருடன். சொன்னால், எட்டு மாசமாக நிறுத்தியது என் கைதான் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி. எந்தப் பக்கம் அசைந்தாலும் இடித்தது. மேலே தொங்குகிற மூட்டை மாதிரி அப்படியே கிடந்தார். எப்போது தூங்கினார் என்று தெரியாது. விடியும்போது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்வதென்றால், உள்ளே இருக்கிற ஆட்களைப் பெயர் சொல்லித் தெரிந்தவரிடம்தான் சொல்ல வேண்டும்.

ஆறு பஸ் நிறுத்தம். போர்டைப் படித்தார், கண்டக்டரிடம் கேட்டார், ஏறினார். பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்க மறந்துவிட்டார்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். தலைமுடி அவிழ்ந்திருந்தது. பின்னால் மேஜையில் லேப்டாப் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக் குடித்து வைத்த காபி டம்ளர்கள் நாலு. அந்தம்மாவும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"சம்பந்தி! வாங்க, உள்ள வாங்க. நீங்களா!"

"வேலை விஷயமா வந்திருக்கேன். இது விருந்துக்கு வந்ததுல சேராது" என்றார் வாசலிலேயே நின்று.

"சேராது, சேராது. உக்காருங்க."

உட்காரவில்லை. மேஜைக்கு முன்னால் போய் நின்றார். டம்ளர்களைத் தள்ளி வைத்தார். "நான் பொத்தான் அமுக்கறத நீங்க பாத்ததில்ல. கண்ணாடிய தொடச்சிட்டு எழுத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க. இப்ப பாருங்க" என்று இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் பொத்தென்று வைத்தார்.

அந்தம்மா கையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான். இருபத்தாறு வருஷப் பழக்கம். இப்ப சொல்லிடுங்க, தப்பு என் மேலதான்னு. நானே மேனேஜர்கிட்ட சொல்லிக்கறேன்."

சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "காலை ஷிப்ட்காரன் ஒரு கையில போன வச்சுக்கிட்டு ஒத்த விரலால குத்தறான். நானும் வீட்ல மவுஸால ஒண்ணு ஒண்ணாத்தான் அமுக்கிப் பாத்தேன். ஒரே நேரத்துல ரெண்டும் வரும்னு எனக்குத் தோணவே இல்ல. குறிப்பேட்டுல கூட நொடி வரைக்கும்தான் எழுத வச்சேன். ஒரே நொடியில ரெண்டும் இருந்துச்சு, வேகமா அமுக்கறாருன்னு விட்டுட்டேன்." தலையில் அடித்துக்கொண்டார். "கிளம்புங்க சம்பந்தி. போய் நிறுத்துவோம்."

"எத?"

"சலவைக்கூடத்த. உங்களால மட்டுந்தான் முடியும்."

பதினொரு மணிக்கு ஷிப்ட் தொடங்கியது. அவர் பலகை முன் நின்றார். அந்தம்மா தொட்டி மேல் உட்கார்ந்து லேப்டாப்பை ஒரு வயரால் பலகையோடு கோர்த்தார். சந்தேகத்தார் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வைத்தார். மூட்டை வந்தது, கதவு திறந்தது, ஒன்றும் நிற்கவில்லை. மறுபடி வைத்தார். நிற்கவில்லை. எப்போதும் வேண்டாதபோது நிற்கும், இன்றைக்கு வேண்டும் என்றால் ஓடுகிறது. பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. மணி ஒன்று, இரண்டு, மூன்று. மடிப்பு அக்கா விரிப்பை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்ன சந்தேகத்தாரே, இன்னைக்குக் கண்ணுல பவர் இல்லையா?"

"சும்மா இரும்மா" என்றவர் கையை வைத்தார்.

சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மூட்டைகள் ஓர் ஆட்டம் ஆடி நின்றன. மஞ்சள் பால் கூடத்தில் மெல்ல நிறைந்தது.

மேனேஜர் அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் கை சுவிட்சுக்குப் போகும் முன் சந்தேகத்தார் அங்கே நின்றிருந்தார், முதுகைச் சுவரில் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து.

"தள்ளுங்க பெரியவரே. ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துக்கிட்டே இருக்கு."

"வரட்டும். தூங்கறவங்கள எழுப்பாதீங்க. அந்தம்மா பாக்கணும்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"இருக்கலாம். பாத்து முடிக்கட்டும், அப்புறம் அனுப்புங்க வீட்டுக்கு."

அந்த நிமிஷத்தை யாரும் அளக்கவில்லை. மேலே மூட்டைகள். கீழே மனிதர்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல. அறையில் போன் அடிப்பது வேறு யாரோ வீட்டில் அடிப்பது போலக் கேட்டது. லேப்டாப் பொத்தான்கள் மட்டும் தட்தட் என்றன.

"இங்க இருக்காங்க," என்றார் சம்பந்தியம்மா, யாரோ தூங்குகிற அறையில் பேசுவது போல. "ரெண்டு பேர். சாவி கையில இருக்கறவன்தான் எதையும் அசைக்கலாம்னு எழுதி வச்சிருக்கேன். பச்ச அமுக்கினதும் மூட்டைக்காரன் தண்டவாளத்தோட சாவிய எடுத்துக்கிட்டான். இறக்கறதுக்கு முன்னாடி கதவு சாவி வேணும்னு நிக்கறான். நீலம் அமுக்கினதும் கதவுக்காரன் கதவு சாவிய எடுத்துட்டான். மேல மூட்டை இடிச்சிடக் கூடாதே, அதனால தண்டவாளச் சாவி வேணும்னு நிக்கறான். அவன் சாவி இவன்கிட்ட. இவன் சாவி அவன்கிட்ட. ரெண்டு பேரும் நல்லவங்க. ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருக்காங்க. யாரும் கையில இருக்கறத விடல."

"எத்தன நேரம் நிப்பாங்க?" என்றார் மேனேஜர்.

"சுவிட்ச இழுக்கற வரைக்கும். இல்லன்னா உலகம் முடியற வரைக்கும்."

"அப்ப ரெண்டு நாள் ஏன் நிக்கல?"

"ரெண்டும் இம்மி பிசகாம ஒண்ணா விழுந்தாத்தான் இப்படி மாட்டும். குறிப்பேடு ஒண்ணுதானே. எழுதறதுக்கு ரெண்டு பேரும் வரிசையில நிக்கணும். அதுலயே ஒருத்தன் முந்திடுவான், ஒருத்தன் பிந்திடுவான். மோதிக்க வழியில்ல." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு என்னோடது. ரெண்டு வருஷமா உள்ள இருந்த தப்பு. ஒத்தக் கைக்காரங்க யாருக்கும் அது தெரியல. இவர் வந்ததாலதான் தெரிஞ்சுது."

மேனேஜர் சந்தேகத்தாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சரி. இனிமே ஒத்தக் கையால அமுக்கச் சொல்லிடலாம். முடிஞ்சுது."

"முடியாது," என்றார் சம்பந்தியம்மா. "அவர் கை அப்படியே இருக்கட்டும். எழுதினத நான் மாத்தறேன். இனிமே யாரா இருந்தாலும் முதல்ல தண்டவாளச் சாவி, அப்புறம்தான் கதவு சாவி. தண்டவாளச் சாவி கிடைக்கலன்னா வேற எதையும் கையில வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. வரிசை ஒண்ணு இருந்தா போதும்."

"மேஸ்திரி வேண்டாமா?" என்றார் சந்தேகத்தார், இன்னும் சுவரோடு ஒட்டியபடி.

"மேஸ்திரி வேண்டாம் சம்பந்தி. யார் முதல்லன்னு ஒரு ஒழுங்கு இருந்தா போதும்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ தோன்றி, இரண்டு பேருமே லேப்டாப்பைப் பார்த்தார்கள்.

அந்தம்மா நாலு வரி மாற்றினார். கம்பைல் ஆக நேரம் பிடித்தது. காத்திருந்தார்கள். மடிப்பு அக்கா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குட்டித் தூக்கம் போட்டாள். பிறகு சந்தேகத்தார் சுவரை விட்டு விலகினார். மேனேஜர் சுவிட்சை இழுத்தார், பத்து எண்ணினார், தள்ளினார்.

சந்தேகத்தார் கைகளை வைத்தார். மூட்டை முதலில் நகர்ந்தது. ஒரு மூச்சு நேரம். பிறகு கதவு திறந்தது. மறுபடி வைத்தார். மறுபடி. ஷிப்ட் முடியும்வரை வைத்தார். நூறு, இருநூறு. வெயில் போய் விளக்குகள் எரிந்தன. விரிப்புகள் உப்பி உப்பி அடங்கின. மூன்று ஆஸ்பத்திரிக்கும் வண்டி கிளம்பியது. மேனேஜர் அந்தப் பக்கமாக வந்து, "திங்கக்கிழமை பதினொரு மணிக்கு" என்றார். "லேட்டா வராதீங்க."

சம்பந்தியம்மா பையைத் தோளில் மாட்டினார்.

"நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வர்றேன் சம்பந்தி. நீங்க முதல்ல வந்துட்டீங்க. இனிமே என் முறை."

"அது வேலை விஷயமா வந்தது. சேராதுன்னு சொன்னேன்."

"அப்ப நான் முதல்ல வந்ததா இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் யோசித்தார். இதில் எங்கோ தனக்கு நஷ்டம் இருக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

"மத்தியானம் வாங்க," என்றார். "போர்ட நம்பாதீங்க. கண்டக்டர கேட்டுட்டு ஏறுங்க."

அந்தம்மா ஆவிக்குள் நடந்து மறைந்தார். கூடத்தில் கடைசி மூட்டை ஒன்று மட்டும் மேலே தொங்கியது. சந்தேகத்தார் பலகைக்குத் திரும்பினார். ஷிப்ட் முடிந்துவிட்டது, அமுக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றாக வைத்தார்.

மூட்டை நகர்ந்தது. ஒரு மூச்சு. கதவு திறந்தது.

எதிரே பதினொரு கண்ணாடியிலும் பதினொரு கிழவனும் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை போலிருந்தது.